டேங்க் மூடியில் ஓர் ஊசித் துளை



இந்த மாதச் சுவரிதழுக்கு "மறக்க முடியாத நாள்" என்ற தலைப்பில் எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. ஏற்காடு போனது, ஒகேனக்கல் போனது எல்லாம் போன இதழிலேயே வந்துவிட்டது. நான் எழுதப் போவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று போன எங்கள் லாரியைப் பற்றி. சங்ககிரியில் இருந்துகொண்டு லாரியைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் டிரைவரோ, பட்டறைக்காரரோ, டயர் கடைக்காரரோ இருக்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஏன் எழுதினேன் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் லாரி 2008 மாடல், பத்து வீல். அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர். கூட ஒரு கிளீனர் அண்ணன். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். நான்கு வருடமாக எங்களிடம் இருக்கிறார். லாரிதான் அவருக்கு வீடு. டேங்க் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். குளிக்கும்போதும் அது அவர் இடுப்பில்தான் இருக்கும்.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் லாரியைக் கழுவி, பெயிண்ட் அடித்தோம். அப்போது நான் பத்தாம் வகுப்பு. டீசல் டேங்குக்கு சில்வர் பெயிண்ட் அடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. "மூடியை உட்டுரு தம்பி, டீசல் பட்டா பெயிண்ட் கரைஞ்சு கையெல்லாம் ஒட்டும்" என்று கிளீனர் அண்ணன் சொன்னார். டேங்க் பளபளவென்று இருக்க, மூடி மட்டும் துருப்பிடித்து இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மூடிக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டேன். மூடிக்கு உள்ளே போடுகிற ரப்பர் வாஷரையும் அன்றைக்குத்தான் புதிதாக மாற்றினோம். பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லாரி கிளம்பியது. "டேங்க் வெள்ளிக் குடமாட்டம் இருக்குதுடா சாமி" என்று அப்பா என்னைப் பாராட்டினார்.

அந்த மாதக் கடைசியில்தான் தொல்லை ஆரம்பித்தது.

லாரி நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. இரண்டு மூன்று குலுக்கு குலுக்கும். அப்புறம் பொசுக்கென்று ஓய்ந்துவிடும். ஓரம் கட்டி, பம்பில் இருக்கிற ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கும். சில நாள் நிற்கவே நிற்காது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கியே அதைக் கொதிக்க வைத்து, அதற்குள் டீசலைப் பீச்சினால் தானாகத் தீப்பிடிக்கும். 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இதுதான். எங்களுடையது மாதிரிப் பழைய வண்டியில், ஓட ஆரம்பித்த பிறகு எஞ்சினுக்கு மின்சாரம்கூடப் பெரிதாகத் தேவையில்லை. காற்றும் டீசலும் போதும். அதனால் அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். "சுவிட்ச் அணைச்ச மாதிரி பட்டுனு நின்னா, எஞ்சினை நிறுத்தற கேபிளைப் பாக்கணும். இப்படி மூச்சு வாங்கி நின்னா டீசல் வரலைன்னு அர்த்தம்."

டீசல் ஏன் வரவில்லை? அதற்குத்தான் இரண்டு மாதம் தேடினோம்.

முதலில் டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து, "எங்கியோ ஏர் எடுக்குது" என்றார் பட்டறை மெக்கானிக். அதாவது டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற பைப்பில் எங்காவது காற்று உள்ளே புகுந்தால், பம்ப் டீசலை அமுக்குவதற்குப் பதிலாகக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் பீச்ச வேண்டிய டீசல் பீச்சாது. பைப் சேருகிற இடங்களில் இருந்த செம்பு வாஷர் எல்லாம் மாற்றினார்கள். ரப்பர் ஓஸும் புதிது. அப்போதும் நின்றது.

ஒரு நாள் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைக் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் டீசலைப் பிடித்து வைத்தார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். தங்கவில்லை. ஃபீட் பம்புக்கு உள்ளே புது கிட் போட்டார்கள். பயனில்லை. கடைசியில் டேங்கையே இறக்கிக் கழுவினார்கள். அதிலிருந்து ஒரு கை மண்ணும் துணிக் கிழிசல் ஒன்றும் வந்தது. "இந்தத் துணிதாங்க வந்து வந்து பைப்பை அடைச்சிருக்குது. இனிமே நிக்காது" என்றார் மெக்கானிக். முப்பது லிட்டர் டீசல் ஊற்றித் திருச்செங்கோடு போய்த் திரும்பினோம். நிற்கவில்லை. வீட்டில் அன்றைக்கு வடை பாயசம்.

அடுத்த வாரம் டேங்க் நிறைய டீசல் போட்டு லோடு ஏற்றிப் போனார்கள். ஈரோடு தாண்டவில்லை, நின்றுவிட்டது.

அப்போதுதான் அப்பா ஒன்றைக் கவனித்தார். டேங்க் நிரப்பினால்தான் நிற்கிறது. பாதி டேங்கில் ஓடினால் நிற்பதில்லை. இது உண்மையான துப்பு. ஆனால் அதிலிருந்து எல்லாரும் தப்பான முடிவுக்குப் போய்விட்டார்கள். "டீசல் போட்டா நிக்குதுன்னா, போடற டீசல்லதான் கோளாறு" என்று சித்தப்பா சொன்னார். "பங்க்குல டீசல் போடறது யாரு? உங்க கிளீனர்தானே? வித்துட்டு மண்ணெண்ணெயை ஊத்தி வெக்கறானோ என்னமோ?" அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு கிளீனர் அண்ணனிடம் சிரித்துப் பேசவும் இல்லை.

அதற்குள் ஒன்பதாயிரத்துக்கு மேல் செலவாகியிருந்தது. மிச்சம் இருந்தது டீசல் பம்ப் மட்டும்தான். பம்பைக் கழற்றி முழுசாக வேலை பார்க்க இருபதாயிரம் ஆகும் என்றார்கள். வீட்டில் அக்காவின் கல்லூரி ஃபீஸுக்காக எடுத்த சீட்டுப் பணம் இருந்தது. "இந்த ட்ரிப் போயிட்டு வந்து பம்பை இறக்கிடலாம்" என்றார் அப்பா. அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவளுடைய ஃபீஸ் கட்டக் கடைசி நாள் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த ட்ரிப்தான் என் மறக்க முடியாத நாள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை. 320 மூட்டை சிமெண்ட், 16 டன், ஓசூருக்கு. நானும் கூடப் போனேன். ஓமலூர் பக்கம் ஒரு பங்க்கில் நானும் அப்பாவும் டீ குடிக்கப் போக, கிளீனர் அண்ணன் டேங்கை நிரப்பினார். அங்கிருந்து கிளம்பும்போது இருட்டிவிட்டது.

தொப்பூர் கணவாயை உங்களில் பலருக்குத் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற ரோட்டில்தான் விபத்து அதிகம் என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். நாங்கள் போனது ஏறுகிற பக்கம். லோடு வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பா செகண்ட் கியரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி மேட்டில் இழுவை குறைந்தது. "போச்சுடா" என்றார் அப்பா. இரண்டு குலுக்கு. எஞ்சின் நின்றது.

அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் வேலை செய்யாது. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகிவிடும். பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸரும் நின்றுவிடும். டேங்கில் ஏற்கெனவே இருக்கிற காற்றை வைத்துத்தான் பிரேக் பிடிக்க வேண்டும். அப்பா பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டார். இருந்தாலும் பதினாறு டன் சிமெண்ட். மேடு. பின்னால் ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு நெருங்கியது. லாரி ஒரு சாண் பின்னால் நகர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்பா "கட்டை!" என்று கத்துவதற்கு முன்பே கிளீனர் அண்ணன் குதித்துவிட்டார். லாரி இன்னும் முழுசாக நிற்கவில்லை. இருட்டில், பின் சக்கரத்துக்கு அருகில் குனிந்து, கட்டையைக் கொடுத்துக் காலால் உதைத்து இறுக்கினார். அடுத்த கட்டையை எடுத்து மறுபக்கம் ஓடினார். அதற்குப் பிறகு டார்ச்சை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடி, பஸ்ஸை ஒதுக்கிவிட்டார். கொஞ்ச தூரத்தில் மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அவரைப் பார்த்து அப்பா சொன்னது இதுதான்: "டேங்க் சாவியைக் குடு."

கிளீனர் அண்ணன் ஒரு நிமிடம் நின்றார். அரைஞாணிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். சாவியை அப்பா என்னிடம் கொடுத்தார். "நீ போயி குச்சி உட்டுப் பாரு. டீசல் எவ்வளவு இருக்குதுன்னு சொல்லு."

நான் டார்ச்சோடு டேங்க் பக்கம் போனேன். பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீளமான சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. என் விரல் பக்கத்தில் அந்த இழுப்பு தெரிந்தது.

குச்சி விட்டுப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் மூடியைத் திருப்பி டார்ச் அடித்தேன். நடுவில் ஒரு சின்னக் குழி. ஒரு காலத்தில் அது துளை. இப்போது அதை அடைத்துக்கொண்டு வழவழவென்று சில்வர் பெயிண்ட். இரண்டு கோட்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த மாதம்தான் அறிவியல் பாடத்தில் காற்றழுத்தம் பற்றித் திருப்புதல் நடத்தியிருந்தார்கள். யாரும் சொல்லித்தராமலே எனக்குப் புரிந்துவிட்டது. டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக வைத்த துளை அது. அதை அடைத்தது நான். புது வாஷர் மற்ற சந்தையும் அடைத்துவிட்டது.

இனி நான் செய்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் சட்டையில் பட்டன் போன இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருந்தேன். அதை எடுத்து, துளையைக் குத்திப் பெயிண்டைச் சுரண்டினேன். வாயை வைத்து ஊதினேன். காற்று போனது. மூடியைப் போட்டுப் பூட்டினேன். யாருக்கும் தெரியாது. லாரியும் இனி நிற்காது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து, "அளவு சரியா இருக்குதுங்கப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"அளவு சரி. உள்ள என்ன கலந்திருக்குதோ" என்றார் அப்பா. கிளீனர் அண்ணனைப் பார்க்காமலே, "ஓசூர்ல லோடு இறக்கிட்டு கணக்கு முடிச்சுக்கலாம்" என்றார். கிளீனர் அண்ணன் "சரிங்கண்ணே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, அந்த ரத்தக் கையாலேயே கை பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்தது. லாரி ஸ்டார்ட் ஆனது. மேடு முழுவதும் ஒரு குலுக்குகூடக் குலுக்காமல் ஏறியது.

லாரி ஓட ஓட எனக்கு உள்ளே கனத்தது. கிளீனர் அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து தன் பையில் இருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்துச் சாமான் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. சின்ன வயதில் எனக்குப் பம்பரம் சுற்றச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "லாரிதான் சரியாகிவிட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்" என்று ஒரு மனசு சொன்னது. "லாரி சரியாகிவிட்டது, அவர் பெயர் சரியாகவில்லையே" என்று இன்னொரு மனசு கேட்டது.

தருமபுரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். டீ கையில் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. "அப்பா, டேங்க் மூடிக்குப் பெயிண்ட் அடிச்சது நானுங்க. துளை அடைஞ்சு போச்சுங்க. அதனாலதான் நின்னுச்சுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஊக்கால் குத்தியதையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா நம்பவில்லை. "ஒரு ஊசித் துளைக்கா பதினாறு டன் நின்னுச்சு?" என்றார். எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. கிளீனர் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வராதுங்களே அண்ணே. எதிர்ல இன்னொரு ஓட்டை போட்டாத்தான் வரும். அந்த மாதிரிங்களா தம்பி?"

அதே மாதிரிதான். அதைவிட நன்றாக நானே சொல்லியிருக்க முடியாது.

அப்பா எழுந்து போய் மூடியைக் கழற்றி வந்தார். இந்த முறை "உஸ்" சத்தம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பெயிண்டையும் துளையையும் ரொம்ப நேரம் பார்த்தார். துளையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, கிளீனர் அண்ணன் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். கடைக்காரரிடம், "இவனுக்கு ரெண்டு முட்டை புரோட்டா போடுங்க. அந்தக் கைக்கு மஞ்சத்தூள் இருந்தா குடுங்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. ஆனால் அவர் குரல் தழுதழுத்தது. கிளீனர் அண்ணன் சாவியைப் பழையபடி அரைஞாணில் கட்டிக்கொண்டு, "முட்டை வேண்டாங்கண்ணே, இன்னிக்கு விரதமுங்க" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. லாரியில் ஏறிய பிறகு சொன்னார்: "பெயிண்ட் அடிச்சது தப்பில்லடா. உனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் தொப்பூர்ல இருந்து தருமபுரி வரைக்கும் வாயை மூடிட்டு வந்த பாரு, அதுதான் தப்பு." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் விசாரிக்காம பேசிட்டேன்" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஓசூர் போய், டேங்கை நிரப்பித் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. சீட்டுப் பணம் அக்காவின் ஃபீஸுக்கே போனது. பம்பை இறக்கவில்லை.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஐயாவிடம், டேங்க் நிரம்பியிருந்தால் மட்டும் ஏன் நின்றது என்று கேட்டேன். பாயில் விதியைப் போட்டுக் காட்டினார். 200 லிட்டர் டேங்கில் 190 லிட்டர் டீசல் என்றால் மேலே 10 லிட்டர்தான் காற்று. 10 லிட்டர் டீசல் செலவானால் அதே காற்று 20 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும், அழுத்தம் பாதியாகிவிடும். பம்பால் இழுக்க முடியாது. அதே டேங்கில் 40 லிட்டர் டீசல்தான் இருக்கிறது என்றால் காற்று 160 லிட்டர். 10 லிட்டர் செலவானாலும் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்குதான் குறையும். லாரி ஓடும். உண்மையில் சந்து வழியாகக் கொஞ்சம் காற்று கசியும், அதனால் கணக்கு அப்படியே வராது என்றும் சொன்னார். நின்ற பிறகு பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனதும் அந்தக் கசிவால்தான். திருச்செங்கோட்டுக்கு முப்பது லிட்டரில் போனபோது நிற்காத ரகசியமும் இதுதான்.

லாரி, டிராக்டர் உள்ள வீட்டு நண்பர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. வண்டி மூச்சு வாங்கி நின்றால், ஏர் எடுப்பதற்கு முன்பே டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது. சில வண்டிகளில் இது மூடியில் இல்லாமல் தனி பைப்பாக இருக்கும். அதையும் பாருங்கள்.

2. செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். மூடி, ஃபில்டர், வாஷர், ஓஸ், ஃபீட் பம்ப். பம்பை இறக்குவது கடைசி.

3. ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறையும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓரம் கட்டி, உடனே கட்டை கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையும் வைக்க வேண்டும்.

4. இப்போது வருகிற காமன் ரெயில் வண்டிகளில் பைப்பை நாமே தளர்த்தக் கூடாது. அதில் டீசல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் போகும். பீச்சினால் தோலைக் கிழித்துவிடும். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

5. ஆயுத பூஜைக்கு மூடிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்!

இதைச் சுவரிதழில் எழுதட்டுமா என்று கிளீனர் அண்ணனிடம் கேட்டேன். "எழுது தம்பி, ஆனா என் பேரைப் போட்றாத" என்றார். அதனால்தான் கட்டுரை முழுக்க அவர் பெயர் இல்லை. ஆனால் லாரி நின்றது அவரால் இல்லை என்பதை நாலு பேர் படிக்கிற சுவரில் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எழுதிவிட்டேன்.



– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்